சிறைக்கதவு ஒன்றுதானா வழி?

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்படும் காலைப் பஸ் வண்டியில் ஏறிப் பார்ப்போர், மடியில் சோற்றுப் பொதியோடும் கையில் அடையாள அட்டையோடும் அமர்ந்திருக்கும் தாய்மாரைத் தவறாது காண்பர். மருதமுனைத் தாயும் பாண்டிருப்புத் தாயும் அங்கே ஒரே ஆசனத்தில் நெருங்கி அமர்ந்திருப்பர். ஒருவர் மகன் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டவன். மற்றவர் மகன் கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே போனவன். ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் சென்று, மறியற்சாலை வாயிலில் வெயிலில் நின்று, சில நிமிடம் முகம் பார்த்து, அழுது, மாலையில் திரும்புவர். அன்றைய கூலி போயிற்று. பஸ் கட்டணம் போயிற்று. மகன் செய்த குற்றத்துக்குத் தாய் கட்டும் தண்டம் இது. எந்த நீதவானும் விதிக்காத தண்டம்.

இத்தாய்மாருள் ஒருவர் நம்மிடம் கூறிய சொல் நம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. “அவன் திருந்தி வரமாட்டான் மகன், படிச்சித்தான் வருவான்” என்றார் அவர். எதைப் படித்து வருவான் என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இரண்டு கிராம் கஞ்சாவுக்காக உள்ளே சென்ற பையன், ஐஸ் விற்பவனின் தொலைபேசி இலக்கத்தோடு வெளியே வருகிறான் என்பதைக் கரையோர ஊர்களில் அறியாதார் எவருமில்லை.

அப்படியாயின், குற்றம் செய்தவனை என் செய்வது? தட்டிக்கொடுத்து அனுப்புவதா என்று சிலர் சினந்து கேட்பர். நாம் அவ்வாறு கூறவில்லை. தண்டனை வேண்டும், அது தண்டனையாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் சிறைக்கதவு ஒன்றே தண்டனை என எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அப்பழக்கத்தை உடைக்கும் சட்டம் இந்நாட்டில் எழுதப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதைப் பயன்படுத்துவோர் போதாது. பயன்படுத்துமாறு கேட்போர் அதனினும் குறைவு.

1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தையே குறிப்பிடுகின்றோம். கட்டாயச் சிறைத்தண்டனை விதிக்கப்படாத குற்றங்களிலும், இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களிலும், சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் குற்றவாளியைச் சீர்திருத்தக் கட்டளையொன்றின்கீழ் ஊரிலேயே வைத்திருக்க நீதிமன்றுக்கு அச்சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. அவன் வீட்டில் உறங்குவான். தன் தொழிலைச் செய்வான். ஆனால் குறித்த மணித்தியாலங்கள் ஊதியமின்றிப் பொதுவேலை செய்தல் வேண்டும்; குடிக்கோ போதைக்கோ அடிமைப்பட்டவனாயின் சிகிச்சைக்குச் செல்லல் வேண்டும்; சீர்திருத்த உத்தியோகத்தர் முன் தவறாது தோன்றல் வேண்டும்; விலாசம் மாறினால் அறிவித்தல் வேண்டும். கட்டளையை மீறினால் நீதிமன்று மீண்டும் அவனை அழைக்கும்; அப்போது சிறை காத்திருக்கும்.

இது மேல்நாட்டிலிருந்து நேற்று இறக்கிய புதுச்சரக்கு அன்று. இந்நாட்டில் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் பிறந்தது 1944இல். அதன் இலக்கம் 42. சுதந்திரத்துக்கும் நான்காண்டு முந்தியது அது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை, சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவைக் கட்டளை விதிக்க வழி செய்தது. தண்டனையை ஒத்திவைக்கும் அதிகாரமும் அதிலேயே உண்டு. ஆக, சட்டத்தின் பஞ்சம் நமக்கில்லை. பஞ்சம் வேறெங்கோ இருக்கின்றது.

வரலாற்றில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. கொழும்பு வெலிக்கடையில் ஆங்கிலேயர் பெருஞ்சிறையைக் கட்டியது 1841ஆம் ஆண்டில் என்பர். அதே 1841இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து நீதிமன்றில் ஜோன் அகஸ்ரஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி எழுந்து நின்று, குடிவெறிக்காகக் கொண்டுவரப்பட்ட ஒருவனைத் தன் பொறுப்பில் விடும்படி நீதிபதியை வேண்டினார். மூன்று வாரம் கழித்து அவனை அழைத்து வந்தபோது அவன் தெளிந்த மனிதனாயிருந்தான். நீதிபதி ஒரு சதம் தண்டமும் வழக்குச் செலவும் விதித்து விடுவித்தார். 1859இல் இறக்குமுன் அச்செருப்புத் தொழிலாளி ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு இவ்வாறு பிணை நின்றார். நன்னடத்தை என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறையின் தந்தை அவரே. ஒரே ஆண்டில் ஒரு நாடு மதிலைக் கட்டியது. மற்றொரு நாட்டில் ஒரு தொழிலாளி மதிலுக்கு மாற்றைக் கண்டான். நமக்குக் கிடைத்தது மதில்.

அம்மதில்கள் நமக்குத் தந்தவை எவை? 1983 ஆடியில் வெலிக்கடையில், அரசின் காவலில் இருந்த தமிழ்க் கைதிகள் ஐம்பத்து மூவர் இரண்டு நாட்களில் அடித்துக் கொல்லப்பட்டனர். தமிழ் பேசும் மக்கள் அதை மறக்கமாட்டார்கள். 2012 நவம்பர் 9ஆம் நாள் அதே வெலிக்கடையில் இருபத்தேழு கைதிகள் மாண்டனர். 2020 நவம்பர் 29ஆம் நாள், கொரோனா அச்சத்தில் கொந்தளித்த மஹர சிறையில் பதினொருவர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பன்னீராயிரம் பேர் வரை அடங்கக்கூடிய சிறைகளில் அதன் இருமடங்குக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருக்கின்றனர். மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வைப் படித்தோர், அங்கே மனிதர் உறங்கும் முறையை அறிவர்: படுக்க இடமின்றி முறைவைத்து உறங்குவர், கழிப்பறை வாயிலிலும் உறங்குவர்.

அத்தனை பேரும் கொலைகாரரா? கொள்ளைக்காரரா? இல்லை என்பதே நாம் அழுத்திக் கூற விரும்புவது. உள்ளே இருப்போரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் இன்னமும் குற்றவாளி என்று தீர்க்கப்படாத விளக்கமறியற் கைதிகள். தீர்க்கப்பட்டு ஆண்டுதோறும் சிறை புகுவோரிலோ, பாதிக்கும் மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட இயலாத காரணத்தால் புகுவோர். வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நீதவான் அவர்களைச் சிறைக்கு அனுப்ப விரும்பவில்லை. பணம் கட்டிவிட்டு வீடு செல் என்பதே அவர் தீர்ப்பு. பணம் இருந்தவன் காசாளரிடம் கட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு போனான். பணம் இல்லாதவன் கைவிலங்கோடு மட்டக்களப்புப் போனான். குற்றம் ஒன்று, சட்டம் ஒன்று, தீர்ப்பும் ஒன்று. பையில் இருந்த காசு மட்டுமே வேறு. வறுமைக்கு விதித்த சிறை என்றன்றி இதற்கு வேறு பெயர் என்ன?

கரையோரத்தில் எவ்வெவ் வழக்குகளில் இந்நிலை நேர்கின்றது என்பதை நீதிமன்ற வாசலில் ஒருநாள் நின்றவர் அறிவர். அனுமதிப்பத்திரமின்றி ஆற்று மணல் ஏற்றிய உழவு இயந்திரச் சாரதி. தடைசெய்த வலையோடு கடலில் அகப்பட்ட தோணிக் கூலியாள். வலை முதலாளியுடையது, முதலாளி கரையில் இருந்தார். கசிப்புக் காய்ச்சிய வீட்டுக்கு விறகு சுமந்தவன். இரண்டு கட்டு பீடியிலையோடு கஞ்சாவும் வைத்திருந்த கொத்தனார். இவர்களை ஒரு திங்கள், இரு திங்கள் அடைத்துவைப்பதால் மணல் கொள்ளை நின்றதா? கசிப்பு வற்றியதா? அடைபட்டவன் வீட்டு அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். அரசு அவனுக்குச் சோறு போட்டது. அவன் பிள்ளைகளுக்கு யார் போட்டார்?

தண்டப்பணத்துக்குப் பதிலாக உழைப்பு என்ற ஒரே மாற்றம் மட்டும் இப்பகுதியில் ஒழுங்காக நடைபெற்றால், அந்தக் காலைப் பஸ்ஸில் கூட்டம் குறையும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்ட இயலாதவனைக் கதவுக்குள் தள்ளுமுன், ‘நீ உழைத்துக் கட்டுவாயா’ என்று கேட்கும் நடைமுறை வேண்டும். வேலைக்கா பஞ்சம்? சாய்ந்தமருதுத் தோணாவைப் பாருங்கள். குப்பையும் சல்வீனியாவும் மூடி, மழைக்கு வீடுகளுக்குள் நீர் ஏறுகின்றது. துறைமுகம் கட்டியபின் ஒலுவிற் கரையைக் கடல் தின்றுகொண்டு வருகின்றது. தென்னை ஒவ்வொன்றாக வீழ்கின்றது. வாய்க்கால்கள் தூர்ந்து, வட்டைவிதானைமார் ஆள் இன்றித் தவிக்கின்றனர். மையவாடிகளில் புதர். பாடசாலைகளில் உடைந்த மேசைகள். அவற்றைச் செப்பனிடத் தெரிந்த தச்சனோ தண்டப்பணம் கட்ட இயலாமல் மறியலில் இருப்பான்.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கூறாமல் விடலாகாது. பொதுவேலை என்பது பொது அவமானம் அன்று. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுச் சந்தை நடுவே கூட்டுமாறு பணிப்பதும், அதைப் படம்பிடித்து முகநூலில் ஏற்றுவதும் சீர்திருத்தமல்ல, அது பழிவாங்கல். நம் ஊர்களில் ஒரு குமரியின் கலியாணம், அவள் அண்ணன் பெயர் கெட்டதால் நின்றுபோகும். கூட்டுமாறு பணித்தால் கூட்டட்டும். அவனோடு ஊர் இளைஞரும் சேர்ந்து கூட்டட்டும். யார் தண்டனைக்காகக் கூட்டுகிறான், யார் தொண்டுக்காகக் கூட்டுகிறான் என்பது உத்தியோகத்தர் ஏட்டில் மட்டும் இருக்கட்டும்.

இனி, ஊரைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச விரும்புகின்றோம். கொழும்பில் அமர்ந்து சட்டம் எழுதுவோர் ‘சமுதாயம்’ என்று ஒரு சொல்லை எழுதிவிடுகின்றனர். கொழும்புத் தொடர்மாடியில் அச்சொல்லுக்கு என்ன பொருளோ நாம் அறியோம். கல்முனைக்குடியிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அதற்கு எலும்பும் தசையும் உண்டு. இங்கே ஒவ்வொருவனும் ஒரு குடியைச் சேர்ந்தவன். தாய் வழியாக அக்குடி அவனுக்கு வந்தது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. மரைக்கார்மார் கூடிய சபை பள்ளியின் வரவு செலவைப் பார்த்தது, எல்லைச் சண்டையைத் தீர்த்தது, குடும்பப் பிணக்கை விசாரித்தது, தவறியவனைக் கண்டித்தது. தமிழ்ச் சகோதரர் ஊர்களில் கோயில் வண்ணக்கர் இவ்வாறே குடிக்கு ஒருவராக இருந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அச்சில் வார்த்த இவ்வமைப்பை வெளிநாட்டு ஆய்வாளரும் வந்து வியந்து எழுதியிருக்கின்றனர். தவறியவனை ஊருக்குள்ளேயே வைத்துத் திருத்துவது நமக்குப் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். ஆங்கிலேயரின் மறியற்சாலைதான் இம்மண்ணுக்குப் புதிது.

அவ்வழக்கத்தில் எல்லாம் பொன் என்று நாம் புகழவும் மாட்டோம். பெரிய குடிக்காரன் தவறினால் ஒரு நீதியும், சிறு குடிக்காரன் தவறினால் வேறு நீதியும் வழங்கிய சபைகள் உண்டு. போடியார் மகன் கண்டிப்போடு தப்பினான். கூலியாள் மகன் பள்ளிமுற்றத்தில் அடிபட்டான். பெண்ணின் குரல் அச்சபையில் ஏறியதே இல்லை. இன்றும் சில இடங்களில் போதைப்பொருள் விற்றவன் என்று சந்தேகித்து ஊரார் கட்டிவைத்து அடிப்பதாகச் செய்தி வரும்போது, சட்டமற்ற அந்த ஊர்நீதியை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். நாம் கேட்பது மரைக்கார் தீர்ப்பு வழங்குவதை அன்று. தீர்ப்பு நீதவானுடையது, கண்காணிப்பு சட்டப்படி அமர்த்திய உத்தியோகத்தருடையது. மரைக்காரும் வண்ணக்கரும் மீனவர் சங்கத்தாரும் விளையாட்டுக் கழகத்தாரும் அவ்வுத்தியோகத்தருக்குத் தோள்கொடுப்போராக இருத்தல் வேண்டும். பையன் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லையா? உத்தியோகத்தர் ஏட்டில் சிவப்புக் கோடு இடுமுன், அவன் மாமா ஒருவர் வீட்டுக்குச் சென்று ‘ஏன் மகன் வரல்ல’ என்று கேட்டால், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இவ்வாறு பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் நாடு ஜப்பான். 1950ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே ஊதியமின்றித் தொண்டு செய்யும் நன்னடத்தைத் தொண்டர் ஏறத்தாழ 47,000 பேர் இருக்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், மதகுரு என்போர் தம் வீட்டுக்குக் குற்றவாளியை அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவர். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் ஒத்ஸு நகரில் ஒரு தொண்டர் கொல்லப்பட்டார். அவர் கண்காணிப்பில் இருந்தவரே கைதானார். அந்நாடு அதிர்ந்தது, தொண்டர் பாதுகாப்பைப் பற்றி வாதம் எழுந்தது, ஆயினும் முறையைக் கைவிடவில்லை. வறுமையில் நம்மை ஒத்த சிம்பாப்வே நாடும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நெரிசலுற்ற சிறைகளைக் கண்டு சமுதாய சேவைத் திட்டத்தைத் தொடங்கியது. 1997இல் கதோமா நகரில் கூடிய மாநாடு அவ்வழியை உலகுக்கு எடுத்துரைத்தது. அண்டை இந்தியாவிலும் 2024 யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த நியாய சங்கிதை, சமுதாய சேவையைத் தண்டனை வகைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இங்கு நடந்ததோ வேறு. போதைப்பொருளை ஒழிப்பதாகக் கூறி 2023 டிசம்பர் 17ஆம் நாள் ‘யுக்திய’ என்ற நடவடிக்கை தொடங்கிற்று. ஒரு மாதத்துக்குள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். அதை நிறுத்துமாறு 2024 சனவரியில் ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் கேட்டனர். நிரம்பி வழிந்த சிறைகளில் மேலும் ஆட்களைத் திணித்ததன்றி அது சாதித்தது யாது என நாம் வினவுகின்றோம். கந்தக்காட்டையும் மறக்கலாகாது. புனர்வாழ்வு என்ற அழகிய பெயரில் படையினர் நடத்திய அந்நிலையத்தில், 2022 யூன் இறுதியில் ஒருவர் மாண்டதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்து ஓடினர். நோயாளி மருத்துவமனையை உடைத்துக்கொண்டு ஓடுவதில்லை. சிறையைத்தான் உடைத்து ஓடுவர். 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் வந்தபோது மக்கள் அஞ்சியதன் காரணமும் அதுவே. ஊரோடு ஊராக வைத்துச் சீர்திருத்துவதும், சீருடைக்காரரிடம் ஒப்படைத்து வேலிக்குள் வைப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ‘புனர்வாழ்வு’ என்று ஒரே முத்திரையைக் குத்தி நம்மை ஏமாற்ற இடமளியோம்.

கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இதில் தனி வேதனை ஒன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நிகழ்ந்ததன் பின்னர், தாடி வைத்த இளைஞன் எவனும் சந்தேகத்துக்குரியவன் என்ற நிலை சில காலம் நீடித்தது. குற்றமற்றோர் பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தனர். அரசு கண்காணிக்கும் என்றாலே அம்மக்கள் நெஞ்சில் பழைய அச்சம் எழுகின்றது. சீர்திருத்த உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால், புலனாய்வுக்காரர் வந்தார் என்று பக்கத்து வீடு கதவடைக்கும். இவ்வச்சத்தை நீக்குவது அரசின் பொறுப்பு. அவ்வுத்தியோகத்தர் திரட்டும் தகவல் நீதிமன்றுக்கு மட்டுமே போகும், வேறெவருக்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

அவ்வுத்தியோகத்தர் யார் என்பதும் கேள்வியே. அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். நீதவான் தமிழில் கட்டளையிடுவார். ஆனால் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் கொழும்பின் நீதி அமைச்சின்கீழ் இயங்குவது. நன்னடத்தைத் திணைக்களமோ பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரியது. ஒரே வேலையின் இரு பாதிகள் இரு வேறு எசமானர்களிடம் இருக்கின்றன. 2017க்குப் பின் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் இல்லை. ஆதலால் மாகாணத்தின் பாதியைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி எவருமில்லாத காலமே நீண்டது. நன்னடத்தை உத்தியோகத்தர் சிறுவர் வழக்குகளிலேயே மூழ்கிக் கிடக்கின்றனர். வளர்ந்தவரைப் பார்க்க நேரம் ஏது? தமிழ் எழுதப் பேசத் தெரிந்த, இம்மண்ணின் வழக்கம் அறிந்த உத்தியோகத்தர் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் நீதிமன்றுகள் நான்கிற்கும் போதிய அளவில் வேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை. பெண் உத்தியோகத்தரும் அவர்களுள் இருத்தல் வேண்டும்.

வழக்கம் அறிதல் என்று நாம் கூறியது வீண் வார்த்தையன்று. ஒன்றைக் காட்டுவோம். இக்கரையில் வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போகும். கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் சென்று வாழ்வான். ஆகவே, ‘குற்றவாளி தன் வீட்டில் இருப்பானாக’ என்று கட்டளை எழுதும்போது, அவனுக்கென்று வீடே இல்லை என்பதை எழுதுவோர் அறியவேண்டும். அவன் இருப்பது மனைவியின் வீட்டில். பெரும்பாலும் மாமியாரின் முற்றத்தில். தண்டனை விதிக்குமுன் அறிக்கை தயாரிக்கும் உத்தியோகத்தர் அந்த மனைவியையும் மாமியாரையும் தனியே அழைத்துக் கேட்டாரா? ‘இவரை இங்கே வைத்திருக்க உங்களுக்குச் சம்மதமா, அச்சம் ஏதும் உண்டா’ என்று கேட்டாரா? கேளாவிடின், சிறையின் சுமையை ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைத்துவிட்டு அரசு கைகழுவியதாகும். போதை தலைக்கேறி மனைவியை அடித்தவனை, மறுநாளே ‘சமுதாயத்தில் வைத்துத் திருத்துகிறோம்’ என்று அதே வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. அவ்விதமானவனுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கின்றது. முதலில் அவளைக் காக்கும் கட்டளை, பின்னரே அவனைத் திருத்தும் கட்டளை. பெண்களைக் கேளாமல் எழுதும் எந்தச் சீர்திருத்தத்தையும் நாம் ஆதரியோம்.

இன்னொன்று, காலம். கடற்றொழிலாளி விடியுமுன் தோணி தள்ளுகிறவன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்திட வா என்றால், அவன் அன்றைய கடலை இழப்பான். இரண்டு முறை இழந்தால் தண்டயல் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். தொழில் போனவன் மீண்டும் எங்கே போவான்? பெரும்போக அறுவடைக் காலத்தில் வயற்கூலியாளை அழைப்பதும் இதுபோன்றதே. வெள்ளி நண்பகலும் நோன்பு மாதத்துப் பிற்பகலும் பொதுவேலைக்கு ஏற்றவையல்ல என்பதைச் சொல்லவும் வேண்டுமா? மாலையிலும் வார இறுதியிலும் வேலை வைத்தால் என்ன குறைந்துவிடும்? உத்தியோகத்தரின் கந்தோர் நேரத்துக்காகக் குற்றவாளியின் தொழிலைப் பலியிடுவது சீர்திருத்தத்தின் நோக்கத்தையே தோற்கடிப்பதாகும்.

எவரெவர் இவ்வழிக்கு உரியர், எவரெவர் அல்லர் என்பதிலும் நமக்கு மயக்கமில்லை. பெருந்தொகைப் போதைப்பொருள் வாணிகன், துப்பாக்கிக்காரன், சிறாரைக் கெடுத்தவன் ஆகியோருக்கு நாம் வாதாடவில்லை. சட்டமும் அவர்களுக்கு இவ்வழியைத் திறக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் வாணிகத்துக்கு மரணதண்டனைவரை இட்டுச் செல்கின்றது. ஆனால் கடற்கரைக்கு அப்பாலிருந்து சரக்கை இறக்குபவன் அகப்படுவதில்லை; அதைச் சிறு பொட்டலமாக வாங்கிப் புகைத்த பத்தொன்பது வயதுப் பையன் அகப்படுகிறான். அப்பையனுக்காகத்தான் வாதாடுகின்றோம். அவன் முதற் தவறில் மறியல் போனால், இரண்டாந் தவறு எந்த வகையினதாக இருக்கும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நம் ஊர்ப் பெரியோரிடமும் சில சொல்ல உண்டு. அரசைக் குறைகூறுவது எளிது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, அரசு வருமுன்னே மையித்துகளை அடக்கியதும், அகதிகளுக்கு அடுப்பு மூட்டியதும் பள்ளிவாசல்களும் கோயில்களும் இளைஞர் கழகங்களும் அல்லவா? அன்று இன பேதம் பாராது தோள்கொடுத்த ஊர், இன்று தன் பிள்ளை ஒருவன் வழிதவறினால் ‘அது பொலிசு பார்க்கட்டும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது ஏன்? மறியலிலிருந்து வந்தவனுக்கு வேலை கொடாத முதலாளிமார், அவன் மீண்டும் திருடினான் என்று வியப்பது ஏன்? ஊர்தோறும் சக்காத் நிதியம் இருக்கின்றது. கடன்பட்டோர், கட்டுண்டோர் என்போரையும் மார்க்கம் அதற்கு உரியோராக எண்ணியிருக்கின்றது. சில ஆயிரம் ரூபாய்க்காகச் சிறையிருக்கும் ஏழைக்கு அதில் பங்குண்டா என்பதை உலமாக்கள் கூடி ஆராய்ந்து சொல்வார்களாக. அது நாம் தீர்ப்புச் சொல்லும் துறையன்று. கேட்கும் உரிமை மட்டும் நமக்குண்டு.

சிலர், இது அரசுக்குச் செலவு என்பர். சிறைக்குச் செலவில்லையா? ஒருவனை நாள்தோறும் உண்பித்து, காவலர் வைத்து, வழக்குத் தவணைக்குத் தவணை பஸ்ஸில் ஏற்றி இறக்கி, அவன் குடும்பத்துக்கு நிவாரணமும் கொடுக்கும் செலவைக் கணக்கிட்டுவிட்டு, பிறகு ஒரு சீர்திருத்த உத்தியோகத்தரின் சம்பளத்தை அதன் அருகே வைத்துப் பார்க்கட்டும். முற்காலத்தில் இணக்க சபைகளுக்கும் இதே எதிர்ப்பு எழுந்தது. 1958இல் சட்டமாகி, பின்னர் ஒழிந்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகளாக அவை மீண்டும் உயிர்பெற்றன. இன்று ஊர் மத்தியஸ்தர்கள் ஊதியமின்றி அமர்ந்து பல்லாயிரம் பிணக்குகளைத் தீர்க்கின்றனர். மத்தியஸ்தம் செய்ய ஆள் கிடைக்கும் ஊரில், வழிதவறிய பையனுக்குத் துணைநிற்க ஆள் கிடைக்காதா?

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. புதுச்சட்டம் கேட்கவில்லை, புதுக் கட்டடம் கேட்கவில்லை. இப்பகுதிச் சட்டத்தரணிகள், தம் கட்சிக்காரன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு சிறு வழக்கிலும், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டி, தண்டனைக்கு முந்திய அறிக்கையைக் கோருவார்களாக. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும், தம் ஊரில் எந்தெந்தப் பொதுவேலைக்கு எத்தனை ஆள் தேவை என்று ஒரு பட்டியல் எழுதி, சீர்திருத்த உத்தியோகத்தர் கையில் கொடுப்பார்களாக. பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் இம்மாவட்டத்து உறுப்பினர்கள், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் நீதிமன்றுகளில் கடந்த ஆண்டு எத்தனை சீர்திருத்தக் கட்டளைகள் பிறந்தன, அதே ஆண்டில் தண்டப்பணம் கட்டாமைக்காக எத்தனை பேர் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டனர் என்ற இரண்டு எண்களை மட்டும் நீதி அமைச்சரிடம் கேட்பார்களாக. விடை கிடைத்ததும் அவ்விரண்டையும் இப்பக்கத்தில் அருகருகே அச்சிடுவோம்.